கனமில்லாத ஒரு சிக்கன் ஹாட்டிஷ்

மினசோட்டாவுக்குக் குடிவந்த யாரும் முதல் குளிர்காலம் முடிவதற்குள் எங்காவது ஒரு வீட்டில் ஹாட்டிஷ் சாப்பிட்டிருப்பார்கள். மற்ற பல மாநிலங்களில் கேஸரோல் என்பதை இங்கே ஹாட்டிஷ் என்கிறார்கள். கறி, கொஞ்சம் காய், சோறோ நூடுல்ஸோ ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கக் கெட்டியாக ஒரு வெள்ளைக் குழம்பு, மேலே மொறுமொறுவென்று ஒரு அடுக்கு. அகலமான கண்ணாடித் தட்டில் போட்டு ஓவனில் வைத்துவிட்டால், அதே தட்டு அப்படியே மேஜைக்கு வந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிற ஊர் இது. பனி தள்ளிவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கு ஓவனின் சூடும் அந்த வாசமும் எவ்வளவு ஆறுதல் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டம்மா. எழுபது வயதைத் தாண்டியவர், லூத்தரன் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர். நாங்கள் ஈகன் ஊரில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே தட்டு நிறைய சிக்கன் ஹாட்டிஷ் செய்து, துணியில் சுற்றி, வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, குழந்தை தூங்கட்டும் என்றார். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் துக்கம் நடந்த வீட்டுக்கும் இப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் விருந்துகளிலும் இதுதான் வரிசையாக அடுக்கியிருக்கும். ஹாட்டிஷ் என்ற பெயரோடு அச்சில் வந்த மிகப் பழைய செய்முறை என்று சொல்லப்படுவதும் ஒரு தேவாலயத்துப் பெண்கள் தொகுத்ததுதான். இங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மன்கேட்டோ ஊரில், கிரேஸ் லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் 1930-ல் கொண்டுவந்த சமையல் புத்தகத்தில் அது இருக்கிறது. மாட்டுக்கறிக் கொத்து, வெங்காயம், செலரி, டப்பாப் பட்டாணி, டப்பாத் தக்காளி சூப், நூடுல்ஸ். பெரிய குடும்பம், கையில் காசு குறைவு, வெளியே கடுங்குளிர் என்றிருந்த காலத்துச் சாப்பாடு.

அந்த வெள்ளைக் குழம்புக்கு டப்பா சூப் என்பது பிற்பாடு வந்த சங்கதி. கேம்ப்பெல் நிறுவனம் 1934-ல் காளான் கிரீம் சூப்பை டப்பாவில் விற்க ஆரம்பித்தது. தண்ணீர் சேர்த்துச் சூப்பாகக் குடிக்கத்தான் அது வந்தது. ஆனால் டப்பாவைத் திறந்து அப்படியே கவிழ்த்தால், மாவு கரைத்து, பால் ஊற்றி, கிளறிக்கொண்டு நிற்கும் வேலை மொத்தமும் மிச்சம் என்று வீட்டுப் பெண்கள் கண்டுகொண்டார்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு 'லூத்தரன் பைண்டர்', அதாவது லூத்தரன்களின் ஒட்டுப்பசை என்றே செல்லப்பெயர் உண்டு. பக்கத்து வீட்டம்மாவும் டப்பாவைத்தான் பயன்படுத்துகிறார். அவருடைய அளவு என் சமையல் நோட்டில் அப்படியே இருக்கிறது: சூப் இரண்டு டப்பா, சவர் கிரீம் ஒரு கப், துருவிய செடார் சீஸ் இரண்டு கப், மேலே நொறுக்கிய ரிட்ஸ் பிஸ்கட்டில் அரை ஸ்டிக், அதாவது நாலு டேபிள்ஸ்பூன் வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பரப்ப வேண்டும். சாப்பிட்டால் ரொம்ப நன்றாக இருக்கும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இங்கே எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். என் கணவருக்குக் கெட்ட கொழுப்பு கூடுதலாக இருக்கிறது. வெண்ணெய், சீஸ் வகைகளைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை, உப்பு அளவாகத்தான் போட வேண்டும். பையனும் பெண்ணும் நீச்சல், கூடைப்பந்து என்று ஓடிவிட்டுப் பசியோடு வருகிறவர்கள். அவர்களுக்கு வயிறு நிறைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒருநாள்தான் ஆறு பேரும் சேர்ந்து உட்காருகிறோம். அன்றைக்கு ஒருவருக்குத் தனிச் சமையல், இன்னொருவருக்குத் தனிச் சமையல் என்று செய்ய எனக்கு மனம் வராது. ஒரே தட்டிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

அதனால் ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கப் செடார் என்றால் எட்டு அவுன்ஸ், அதில் 75 கிராம் கொழுப்பு. சவர் கிரீமில் 45. அரை ஸ்டிக் வெண்ணெயில் 46. கறியையும் சூப்பையும் பிஸ்கட்டையும் விட்டுவிட்டாலே 166 கிராம் வந்துவிடுகிறது, அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. உப்புக் கணக்கு இன்னும் மோசம். அந்த சூப்பில் அரைக் கப்புக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஒரு டப்பாவில் அப்படி இரண்டரைப் பங்கு. இரண்டு டப்பா சேர்ந்தால் 4,000 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு டீஸ்பூன் உப்பில் இருப்பதே 2,300 மில்லிகிராம்தான். பெரியவர்கள் ஒருநாள் முழுக்க அதைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை. ஆக, சீஸும் பிஸ்கட்டும் சேர்வதற்கு முன்பே கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் உப்பு தட்டுக்குள் போய்விடுகிறது.

இதைக் குறைப்பதற்குக் கடையில் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். கொழுப்பு நீக்கிய சீஸ், கொழுப்பு நீக்கிய சவர் கிரீம், உப்புக் குறைத்த டப்பா சூப். செய்முறையில் எதையும் மாற்றாமல் சாமானை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை கிடையாது. கொழுப்பில்லாத சீஸ் சரியாக உருகாது, ரப்பர் மாதிரி இழுக்கும். சவர் கிரீமில் கொழுப்புக்குப் பதிலாக ஸ்டார்ச்சும் பசையும் சேர்த்திருப்பார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு ஏதோ பத்தியச் சாப்பாடு போட்ட மாதிரி இருக்கும். அப்புறம் பத்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வேறு எதையாவது தேடுவார்கள். கொழுப்பு என்பது ருசியைத் தாங்கி நிற்கிற ஒன்று. அதை எடுக்கிறோம் என்றால், அந்த இடத்தில் வேறு ருசியை நாமே வேலை செய்து ஏற்ற வேண்டும். என் ஹாட்டிஷில் அந்த ருசி மூன்று இடத்திலிருந்து வருகிறது: காளான், எலும்போடு வேகவைத்த கறியின் சாறு, வைல்டு ரைஸ்.

வைல்டு ரைஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது இந்த மண்ணின் தானியம். பேரில் ரைஸ் இருந்தாலும் நம் நெல்லின் இனம் இல்லை; ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் தானாக வளரும் ஒரு புல்லின் விதை. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இதை மனோமின் என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. இரண்டு பேர் சிறு படகில் போவார்கள். ஒருவர் நீளமான கம்பால் படகைத் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் தாளை வளைத்து இன்னொரு குச்சியால் மெதுவாகத் தட்டுவார். முற்றிய மணிகள் படகுக்குள் விழும்; மற்றவை தண்ணீரில் விழுந்து அடுத்த வருஷத்துக்கு முளைக்கும். அந்தக் குச்சி 30 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ ஒரு பவுண்டுக்கு மேல் கனமாகவோ இருக்கக் கூடாது என்று மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. 1977 முதல் இதுதான் மினசோட்டாவின் மாநிலத் தானியம்.

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். கருகருவென்று பளபளப்பாக இருப்பது வயலில் பயிர் செய்தது, கலிஃபோர்னியாவிலும் விளைகிறது. அது வேக 50 நிமிஷத்துக்குக் குறையாது. ஏரியில் கையால் அறுத்து, நெருப்பில் வறுத்து எடுத்தது பழுப்பும் சாம்பலுமாகப் பார்வைக்கு ஒரே சீராக இருக்காது. அது அரை மணிக்குள் வெந்துவிடும், லேசான புகை வாசமும் இருக்கும். ஒயிட் எர்த், லீச் லேக் பகுதி ஒஜிப்வே மக்கள் விற்பதைத்தான் நான் வாங்குகிறேன். விலை கூடத்தான், ஆனால் ஒரு கப் அரிசி மூன்றரைக் கப்புக்கு மேல் சோறாகும். ஒரு பை பல ஞாயிற்றுக்கிழமைக்கு வரும். வெந்த ஒரு கப்பில் ஆறரை கிராம் புரதம் இருக்கிறது, வெள்ளைச் சோற்றில் நாலு கிராம்தான். கலோரியும் குறைவு.

ஒரு கப் அரிசியைக் கழுவி, மூன்று கப் தண்ணீரில் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுவேன். முதல் இருபது நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். பிறகு பார்த்தால் ஊசி போல இருந்த மணி நெடுக்கில் வெடித்து, உள்ளே வெளிறிய பாகம் தெரிய ஆரம்பிக்கும். பாதிக்கு மேல் மணிகள் வெடித்து, ஒன்றிரண்டு சுருண்டுகொண்டு வந்ததும் வடித்துவிட வேண்டும். எல்லாமே சுருளும் வரை விட்டால் ஓவனில் குழைந்துவிடும்.

கறிக்கு நான் தொடைதான் வாங்குகிறேன். லைட் என்றாலே தோல் நீக்கிய நெஞ்சுக்கறி என்று எல்லாச் செய்முறையிலும் எழுதியிருக்கும். தோலை எடுத்துவிட்ட தொடையில் 100 கிராமுக்கு நெஞ்சுக்கறியை விட ஐந்தாறு கிராம் கொழுப்பு கூடுதல் இருக்கும், அவ்வளவுதான். முழுத் தட்டுக்கும் சேர்த்து 30 கிராம் கூட ஆகாது. இந்தச் சமையலில் கறி இரண்டு முறை சூடு படுகிறது, முதலில் தண்ணீரில், அப்புறம் ஓவனில். நெஞ்சுக்கறி இரண்டாவது சூட்டில் வறண்டு நார்நாராகிவிடும். அதை மறைக்கக் குழம்பைக் கூட்ட வேண்டியிருக்கும், குழம்பைக் கூட்டினால் சீஸையும் கூட்டத் தோன்றும். கொழுப்பைச் சீஸில் குறைத்துக்கொண்டு கறியில் விட்டுவைப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம்.

எலும்போடு ஒரு கிலோ தொடை. தோலை உரித்துவிட்டு, கறி மூழ்கத் தண்ணீர், பாதி வெங்காயம், செலரித் தழை, மிளகு பத்துப் பதினைந்து, ஒரு பிரிஞ்சி இலை. உப்புப் போடுவதில்லை. தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வரும் சூட்டில் அரை மணி நேரம் வேக வேண்டும். கறியை எடுத்து ஆறவைத்துப் பிய்த்துக்கொண்டு, எலும்பை மட்டும் திரும்பப் பானையில் போட்டு இன்னும் அரை மணி நேரம் விடுவேன். வடிகட்டிய சாற்றை உறைகிற மாதிரி குளிரவைத்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு படலம் கட்டும், கரண்டியால் ஒரே தகடாக எடுத்துப் போட்டுவிடலாம். ஜனவரியில் இதற்கு ஃப்ரிட்ஜ் கூட வேண்டாம். இறுக்கி மூடி, பின்பக்க டெக்கில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். இந்தச் சாறு கையில் இருந்தால் டப்பா சூப்பை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இனி காளான். இந்தச் சமையலில் என் முழுக் கவனமும் இதில்தான். ஒரு பவுண்டு பழுப்புக் காளான், கடையில் கிரிமினி என்று இருக்கும். வெள்ளைக் காளானை விட வாசம் அதிகம். கழுவி, துடைத்து, கால் அங்குலத்துக்குச் சற்று மெல்லிசாக அரிந்துகொள்கிறேன். அகலமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல், உப்பும் இல்லாமல் பாதிக் காளானை மட்டும் பரப்புகிறேன். ஒன்றின் மேல் ஒன்று விழக் கூடாது. முதலில் ஒரு கிறீச் சத்தம் கேட்கும், அது காளானிலிருந்து தண்ணீர் விடும் சத்தம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இரண்டு மூன்று நிமிஷத்தில் வாணலியில் சாம்பல் நிறத்தில் நீர் கட்டி நிற்கும். அந்த நேரத்தில் அவசரப்படக் கூடாது. நீர் சுண்டச் சுண்டச் சத்தம் மாறும், துண்டுகள் பாதியாகச் சுருங்கும். வாணலி வறண்டு, காளானின் ஓரம் அடியில் லேசாகப் பிடிக்க ஆரம்பிக்கும்போதுதான் ஒரு டீஸ்பூன் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவேன். தண்ணீர் போன பிறகு ஊற்றுவதால் அந்த ஒரு டீஸ்பூனே எல்லாத் துண்டையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த நாலு நிமிஷத்தில் நிறம் மாறி, ஓரமெல்லாம் காய்ந்த பேரீச்சையின் நிறத்துக்கு வந்து, கறி வறுபடுகிற வாசம் வீடு முழுக்கப் பரவும். மாடியில் ஹோம்வொர்க் செய்கிற பெண் கீழே எட்டிப் பார்ப்பது இந்த நேரத்தில்தான். மீதிக் காளானையும் இதே மாதிரி செய்து எடுத்துவைத்துவிட்டு, வாணலியின் அடியில் ஒட்டியிருப்பதை இரண்டு கரண்டி சிக்கன் சாறு ஊற்றிச் சுரண்டி எடுத்துச் சேர்த்துவிட வேண்டும். ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரு கப் சீஸைக் குறைத்த இடத்தை இந்தச் சுரண்டல் நிரப்பிவிடும்.

அதே வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் எண்ணெய். பொடியாக அரிந்த வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, கேரட் ஒன்று, பூண்டு நாலு பல். வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கி, கால் கப் மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை இரண்டு நிமிஷம் கிளற வேண்டும். பிறகு ஒன்றரைக் கப் சிக்கன் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கிக்கொண்டு, கடைசியாக இரண்டு சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு கப். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். தைம் இலை, முக்கால் டீஸ்பூன் உப்பு, புதிதாக இடித்த மிளகு தாராளமாக, அரை டீஸ்பூன் கடுகு விழுது. கடுகு தனியாகத் தெரியாது, ஆனால் சீஸின் ருசியைத் தூக்கிக் காட்டும்.

சவர் கிரீமுக்குப் பதில் அரைக் கப் கிரீக் யோகர்ட், இரண்டு சதவீதம் கொழுப்புள்ளது. இதை நேராகச் சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும். யோகர்ட்டைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, சூடான குழம்பை ஒவ்வொரு கரண்டியாக அதில் ஊற்றிக் கலக்கி, அது வெதுவெதுப்பானதும் வாணலியில் சேர்க்க வேண்டும். குழம்பில் ஏற்கனவே மாவு வெந்திருப்பதால் அந்த மாவே யோகர்ட்டைத் திரியாமல் காப்பாற்றும். ஓவன் சூட்டையும் தாங்கும். மாமியார் காய் நறுக்கிக்கொண்டே இதைப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, இது நம்ம மோர்க்கொழம்புக்குப் பண்றாப்லயேதான இருக்குது?" என்றார். "ஆமாங்கத்தை, அதேதானுங்க" என்றேன். ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் அரைத்து மோரில் கரைத்துவிட்டுத்தானே அடுப்பில் ஏற்றுகிறோம். மோரைத் திரியவிடாமல் காப்பதற்கு அங்கே அரிசி மாவு, இங்கே மைதா. அன்றைக்கு முதல் இந்தக் குழம்பைக் கிளறுகிற வேலை மாமியாருடையது. நுரை கட்டும்போது இறக்க வேண்டும் என்கிற அந்தக் கைப்பழக்கம் அவருக்கு இருக்கிறது, இதற்கும் அது அப்படியே பொருந்துகிறது.

சீஸை முழுக்க விட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகள் அதற்காகத்தான் மேஜைக்கு வருகிறார்கள். எட்டு அவுன்ஸ் போட்ட இடத்தில் மூன்று அவுன்ஸ் போடுகிறேன், ஆனால் நன்றாக முதிர்ந்த, நாக்கில் சுரீரென்று இருக்கிற செடாராக வாங்கி நானே துருவுகிறேன். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள்; அது சீராக உருகாது. மூன்றில் இரண்டு பங்கைக் குழம்பிலும் மீதியை மேலேயும் போட்டால், கண்ணுக்கும் தெரியும் வாய்க்கும் தெரியும்.

மசாலா போடலாமா என்று தோழிகள் கேட்கிறார்கள். கரம் மசாலா, பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டுச் செய்கிறவர்கள் உண்டு. தமிழ்ச் சங்கத்துப் பாட்லக்கிலேயே அப்படி ஒன்று சாப்பிட்டிருக்கிறேன். நான் போடுவதில்லை. மனோமினின் புகை வாசமும் காளானும் தைமும் மெல்லிய குரல் உள்ளவை, கரம் மசாலா வந்தால் அவை மூன்றும் அடங்கிப்போகும். நம் சாப்பாடு வேண்டுமானால் நம் சாப்பாட்டையே முழுசாகச் செய்துகொள்ளலாம். காரம் வேண்டும் என்கிற மாமனாருக்காக மிளகைக் கூட்டியிருக்கிறேன், அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

மீதி வேலை சுலபம். ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலத் தட்டில் சோறு, பிய்த்த கறி, காளான், கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்த ப்ரோக்கோலி இரண்டு கப், குழம்பு எல்லாவற்றையும் கலந்து பரப்ப வேண்டும். கலவை சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்; சோறு ஓவனில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். கெட்டியாகத் தெரிந்தால் அரைக் கப் சாறு விட்டுக்கொள்ளலாம். மேலே தூவ முக்கால் கப் பாங்கோ பிரெட் தூள். இதை ஒரு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் வாணலியிலேயே பொன்னிறமாக வறுத்துக்கொள்வது முக்கியம். வறுக்காமல் தூவினால் ஓவனில் நிறம் வருவதற்கு நிறைய வெண்ணெய் தேவைப்படும். வறுத்துவிட்டால் அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயோடு முடிந்தது. 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 190 செல்சியஸ், 25 நிமிஷம். ஓரத்தில் குழம்பு கொதித்துக் குமிழி விடும், நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 165 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் பரிமாறிவிடக் கூடாது. பத்து நிமிஷம் ஆறினால்தான் குழம்பு இறுகும், வெட்டி எடுத்தால் துண்டு சரியாமல் நிற்கும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு சாலட் செய்துவிடுவேன். முட்டைக்கோஸை நூல்நூலாக அரிந்து, ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் ஒன்று, எலுமிச்சை, மிளகு, கொஞ்சம் எள். ஹனிகிரிஸ்ப்பும் இந்த ஊர்ச் சரக்குதான், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1991-ல் வெளியிட்டார்கள். கடித்தால் நறுக்கென்று சாறு தெறிக்கும். பாலும் சீஸும் கலந்த எதோடும் புளிப்பாக, பச்சையாக ஒன்று இருந்தால் கூடுதலாக இன்னொரு கரண்டி எடுக்கத் தோன்றாது. சாப்பாட்டைக் கனமில்லாமல் வைப்பதில் இந்தச் சாலட்டுக்கும் பங்கு உண்டு.

மறுபடி கணக்குப் பார்த்தால், கறியைச் சேர்க்காமல் முழுத் தட்டுக்கும் கொழுப்பு 80 கிராமுக்குள் நிற்கிறது. சோடியம் எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 400 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். டப்பா சூப் இல்லை என்று நான் சொல்வதற்கு முன்பே, "காளானை வறுத்துப் போட்டிருக்கிறாய்" என்று கண்டுபிடித்துவிட்டார். அவருடைய அம்மா காலத்தில் மாவும் பாலும் கொண்டு இப்படித்தான் குழம்பு காய்ச்சுவார்கள், டப்பா வீட்டுக்குள் வந்தது அதற்கப்புறம் என்றார். அதைக் கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம். அவரிடமிருந்து வந்த சமையலை அவருக்குப் பிடிக்கிற மாதிரியே செய்திருக்கிறேன் என்று ஒரு நிறைவு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேஜையில் முதல் சண்டை ஓரத்துண்டுக்கு. தட்டின் விளிம்பில் குழம்பு லேசாக முறுகி ஒட்டியிருக்கும் பாகம் அது. பையனுக்கும் அவன் தாத்தாவுக்கும்தான் போட்டி. நாலு மூலை இருப்பதால் ஆளுக்கு இரண்டு என்று தீர்த்துவைத்திருக்கிறோம். சீஸ் என்றாலே தட்டை நகர்த்தி வைக்கிற மாமியார், தன் கையால் கிளறிய குழம்பு என்பதாலோ என்னவோ, இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். என் கணவர் இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போது இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆறு பேர் சாப்பிட்டு இரண்டு பங்கு மிஞ்சும். மறுநாள் மதியத்துக்கு ஆபீஸுக்கு எடுத்துப் போனால், மைக்ரோவேவில் வைப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் தண்ணீரோ பாலோ தெளித்துக்கொள்ளுங்கள், சோறு குழம்பை இழுத்துக் காய்ந்திருக்கும். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், யோகர்ட் சேர்த்த குழம்பு உருகும்போது நீர் பிரிந்துவிடும். முன்கூட்டியே தயார் செய்ய வேண்டுமென்றால் கறி, சாறு, வெந்த வைல்டு ரைஸ் மூன்றையும் தனித்தனியாக ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, குழம்பை மட்டும் அன்றன்றைக்குச் செய்யலாம். தேங்க்ஸ்கிவிங் முடிந்து மிஞ்சும் வான்கோழியிலும் இதே அளவு சரியாக வரும். உப்பு நீரில் ஊறவைத்துச் சுட்ட வான்கோழியாக இருந்தால் குழம்பில் உப்பைக் கால் டீஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள், ருசி பார்த்துவிட்டு வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.